வீட்டில் பல்லடுக்கு அச்சுச் சுற்றுப்பலகை செய்தல்

பல்லடுக்கு அச்சுச் சுற்றுப்பலகை என்பது மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட செப்புத் தட அடுக்குகளை, இடையே மின்காப்புப் பொருள் வைத்து ஒட்டி உருவாக்கப்படும் மின்சுற்றுப் பலகை ஆகும். பேச்சுவழக்கில் இது மல்டிலேயர் பிசிபி எனப்படும். அச்சுச் சுற்றைக் கொண்ட வானொலிப் பெட்டியை 1936 இல் இலண்டனில் பால் ஐசுலர் உருவாக்கினார். பல்லடுக்குப் பலகைகள் பெரும்பாலும் ஆலைகளிலேயே செய்யப்படுகின்றன. எனினும் நான்கு அடுக்கு வரை ஆர்வலர்கள் வீட்டிலும் செய்வதுண்டு.

செய்முறை

0.8 மி.மீ தடிப்புள்ள இருபக்கச் செப்புப் பலகைகள் இரண்டு எடுத்துக்கொள்ளப்படும். லேசர் அச்சுப்படியை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துத் தடங்கள் பலகைக்கு மாற்றப்படும். வெளிப்பக்கங்களை நாடா ஒட்டி மறைத்து, உள்பக்கங்கள் மட்டும் முதலில் பெர்ரிக் குளோரைடு கரைசலில் அரிக்கப்படும். பின்னர் மூலைத் துளைகளில் ஊசிகளைச் செருகி நேர்ப்படுத்தி, நடுவே கண்ணாடியிழைத் துணி வைத்து, எப்பாக்சி பசையால் ஒட்டி இறுக்கப்படும். அரை மில்லிமீட்டர் விலகினாலும் துளை உள் தடத்தைத் தவறவிடக்கூடும். ஒட்டிய பின் உள்ளடுக்குப் பிழையைத் திருத்த இயலாது என்பதால், அதற்கு முன்பே ஒவ்வொரு தடத்தையும் பன்மானியால் சோதித்தல் இன்றியமையாதது.

அடுக்குகளை இணைத்தல்

உண்மையான கடினம் இங்குதான் உள்ளது. இருபக்கப் பலகையில் துளை வழியே கம்பியைச் செருகி இருபுறமும் ஈயம் பற்றவைத்தால் போதும். நான்கடுக்கில் அக்கம்பி உள்ளடுக்குகளை நம்பகமாகத் தொடாது. ஆலைகளில் துளைச் சுவரில் பல்லேடியம் வினையூக்கியின் உதவியால் மெல்லிய செம்பு படியவைக்கப்பட்டு, அதன்மேல் மின்முலாம் பூசப்படுகிறது. வீட்டில் பல்லேடியத்துக்குப் பதிலாகக் கிராபைட்டு மை தடவி, செப்புச் சல்பேட்டும் கந்தக அமிலமும் கலந்த கரைசலில் முலாம் இடுவர். துளையிட்ட பிறகு, வெளித்தடங்களை அரிப்பதற்கு முன்பு இது செய்யப்பட வேண்டும். முலாம் இட இயலாதோர் வெளிப்பலகையில் அகன்ற துளையிட்டு, உள் தடத்தை வெளித்தெரியச் செய்து நேரடியாகப் பற்றவைப்பர். அழகற்றது, ஆனால் நம்பத்தக்கது.

கழிவு

பயன்படுத்திய கரைசலில் செம்பு கரைந்திருக்கும். இது மீன்களுக்கு நஞ்சாகும். கிருட்டிணகிரி மாவட்டம் ஓசூரில், சிப்காட் தொழிற்பேட்டை அமைந்துள்ள மூக்கண்டப்பள்ளி போன்ற பகுதிகளில் இது தனிக் கவனத்துக்குரியது. ஓசூர் அருகே தென்பெண்ணையாற்றின் குறுக்கே உள்ள கெலவரப்பள்ளி அணையில், பெங்களூர்ப் பக்கமிருந்து வரும் கழிவுநீரால் நுரை பொங்குவது பலமுறை செய்தியாகியுள்ளது. எனவே கரைசலைச் சாக்கடையில் ஊற்றாமல், நெகிழி வாளியில் சலவைச் சோடாவைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, படியும் வண்டலை வடித்து உலர்த்தி, தீங்குறு கழிவாக ஒப்படைக்க வேண்டும். அலுமினியப் பாத்திரம் கூடாது. அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது நீரில் அமிலத்தைச் சேர்க்க வேண்டுமேயன்றி, அமிலத்தில் நீரை ஊற்றலாகாது.