நிக்சனும் பத்திரிகைகளும்: ஓர் அதிபரின் பகை அரசின் பகையாக மாறியபோது

ஆட்சியில் இருப்பவர்களுக்கும் செய்தியாளர்களுக்கும் உரசல் இருப்பது உலகெங்கும் உள்ள வழக்கம்தான். ஓர் அதிபருக்கு ஒரு நாளேட்டைப் பிடிக்காமல் போகலாம். அவர் அதைப் படிக்காமல் விடலாம், மேடையில் திட்டலாம், அது எழுதியது தவறு என்று மறுக்கலாம். இவையெல்லாம் அவருடைய உரிமைக்கு உட்பட்டவை. ஆனால் அவருடைய வெறுப்பைச் சுமந்துகொண்டு உளவுத்துறையும் உரிமம் வழங்கும் அலுவலகமும் கிளம்பினால், அது தனிமனிதரின் கோபம் என்ற எல்லையைத் தாண்டிவிடுகிறது. அரசு என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளும் வழி குடிமக்களுக்கு அடைபடுகிறது.

இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு, அமெரிக்காவின் 37ஆவது அதிபர் ரிச்சர்ட் நிக்சனின் ஆட்சிக்காலம் (1969–1974). அவருடைய அலுவலகப் பேச்சுகளை அவரே ஒலிநாடாவில் பதிவு செய்து வைத்திருந்ததால், திரைக்குப் பின்னால் நடந்தவையும் இன்று வெளிச்சத்தில் உள்ளன.

பகையின் வேர்

நிக்சனின் கசப்பு அதிபர் ஆவதற்கு வெகுமுன்பே தொடங்கியது. 1952இல் அவர் துணை அதிபர் வேட்பாளராக நின்றபோது, ஆதரவாளர்கள் அவருக்காகத் திரட்டிய சுமார் 18,000 டாலர் நிதி பற்றி நியூயார்க் போஸ்ட் நாளேடு எழுதியது. கட்சிக்குள்ளேயே அவரை விலகச் சொல்லும் குரல்கள் எழுந்தன. அவர் செய்தியாளர்களைத் தவிர்த்துவிட்டு நேராகத் தொலைக்காட்சியில் மக்களிடம் பேசினார். மக்கள் ஆதரவு குவிந்தது, பதவி தப்பியது. பத்திரிகைகள் தன்னை வீழ்த்தப் பார்க்கின்றன, அவற்றைத் தாண்டி மக்களை நேரடியாகச் சென்றடைய முடியும் என்ற இரண்டு எண்ணங்கள் அவர் மனத்தில் ஊன்றின.

1960இல் கென்னடியிடம் தோற்றார். 1962இல் கலிஃபோர்னியா ஆளுநர் தேர்தலிலும் தோற்றார். மறுநாள் செய்தியாளர்களைச் சந்தித்து, இனி நீங்கள் உதைத்து விளையாட நிக்சன் கிடைக்க மாட்டான், இதுவே என் கடைசிச் செய்தியாளர் சந்திப்பு என்றார். ஆறே ஆண்டுகளில் அதிபர் தேர்தலில் வென்று திரும்பி வந்தார்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். பத்திரிகைகள் எல்லாம் நிக்சனுக்கு எதிராக இருக்கவில்லை. 1972 தேர்தலில் தலையங்கம் எழுதி ஒரு வேட்பாளரை ஆதரித்த நாளேடுகளில் மிகப் பெரும்பான்மை ஆதரித்தது நிக்சனைத்தான். அவருடைய கோபம் சில பெரிய நாளேடுகள் மீதும், மூன்று தொலைக்காட்சி நிறுவனங்கள் மீதும் குவிந்திருந்தது.

மறைக்கப்பட்ட குண்டுவீச்சு

1969 மார்ச்சில், வியட்நாம் போரின் ஒரு பகுதியாக, அண்டை நாடான கம்போடியா மீது அமெரிக்க விமானங்கள் ரகசியமாகக் குண்டு வீசத் தொடங்கின. பதினான்கு மாதங்கள் இது நீடித்தது. ராணுவப் பதிவேடுகளிலேயே இலக்குகள் மாற்றி எழுதப்பட்டன. குண்டு விழுந்த ஊர்களில் இருந்தவர்களுக்கு இது ரகசியம் அல்ல. வரி கட்டிய, பிள்ளைகளைப் போருக்கு அனுப்பிய அமெரிக்கக் குடிமக்களுக்குத்தான் மறைக்கப்பட்டது.

அந்த ஆண்டு மே 9 அன்று நியூயார்க் டைம்ஸ் இச்செய்தியை வெளியிட்டது. செய்தி உண்மை. அரசு செய்தது என்ன? செய்தி கசிந்த வழியைத் தேடி, அதிகாரிகள் 13 பேர், பத்திரிகையாளர்கள் 4 பேர் என 17 பேரின் தொலைபேசிகளை நீதிமன்ற ஆணை இல்லாமல் ஒட்டுக் கேட்டது. சிலரின் தொலைபேசிகள் 1971 வரையிலும் கேட்கப்பட்டன.

அதே 1969 நவம்பர் 3 அன்று நிக்சன் போர் பற்றித் தொலைக்காட்சியில் உரையாற்றினார். உரை முடிந்ததும் செய்தியாளர்கள் அதை அலசினார்கள். இது அவருக்குப் பொறுக்கவில்லை. ஒலி, ஒளிபரப்பு உரிமங்களைக் கையாளும் ஆணையத்தின் தலைவரே தொலைக்காட்சி நிறுவனங்களை அழைத்து, அந்த அலசல்களின் எழுத்து வடிவத்தைக் கேட்டார். பத்து நாள் கழித்து துணை அதிபர் ஸ்பைரோ ஆக்னியூ, மக்கள் தேர்ந்தெடுக்காத ஒரு சிறு கூட்டம் நாட்டின் செய்திகளைத் தீர்மானிக்கிறது என்று சாடினார்.

ஆக்னியூ எழுப்பிய கேள்வியில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மூன்று நிறுவனங்கள் ஒரு நாட்டின் மாலைச் செய்தியைத் தீர்மானிப்பது விவாதிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் அந்தக் கேள்வியை உரிமத்தைக் கையில் வைத்திருக்கும் அரசே எழுப்பும்போது, அது விமர்சனமாக ஒலிப்பதைவிட மிரட்டலாகவே ஒலிக்கிறது.

பென்டகன் ஆவணங்கள்

வியட்நாமில் அமெரிக்காவின் ஈடுபாடு பற்றிப் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் மெக்னமாரா 1967இல் ஒரு ரகசிய ஆய்வுக்கு ஏற்பாடு செய்திருந்தார். அது சுமார் 7,000 பக்கங்கள் கொண்டது. அடுத்தடுத்து வந்த அரசுகள் போர் பற்றி மக்களிடம் உண்மையை மறைத்ததை அது காட்டியது. ஆய்வில் பங்கேற்ற டேனியல் எல்ஸ்பெர்க் அதை நகலெடுத்துப் பத்திரிகைக்குக் கொடுத்தார். 1971 ஜூன் 13 அன்று நியூயார்க் டைம்ஸ் வெளியிடத் தொடங்கியது.

அந்த ஆவணங்கள் நிக்சனுக்கு முந்தைய அதிபர்களின் காலத்தைப் பற்றியவை. அப்படியிருந்தும் அவர் அரசு நீதிமன்றம் சென்று தடை வாங்கியது. உடனே வாஷிங்டன் போஸ்ட் வெளியிடத் தொடங்கியது. ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் 6–3 என்ற பெரும்பான்மையில் அரசின் கோரிக்கையை நிராகரித்தது. பத்திரிகை சேவை செய்ய வேண்டியது ஆளப்படுவோருக்கே, ஆளுவோருக்கு அல்ல என்ற கருத்தை நீதிபதி ஹியூகோ பிளாக் தம் தீர்ப்பில் பதிவு செய்தார்.

சட்டப்படி தோற்ற பிறகு, வெள்ளை மாளிகை சட்டத்துக்கு வெளியே போனது. கசிவுகளை அடைப்பதற்கென்று ஒரு ரகசியக் குழு அமைக்கப்பட்டது. அந்தக் குழு செப்டம்பரில் எல்ஸ்பெர்க்கின் மனநல மருத்துவரின் அலுவலகத்துக்குள் திருட்டுத்தனமாக நுழைய ஏற்பாடு செய்தது. அவர் பெயரைக் கெடுக்க ஏதாவது கிடைக்குமா என்பதே நோக்கம். இது அம்பலமானதும், 1973 மே மாதம் அரசின் முறைகேடுகளைக் காரணம் காட்டி எல்ஸ்பெர்க் மீதான வழக்கையே நீதிபதி தள்ளுபடி செய்தார்.

எதிரிகள் பட்டியல்

1971 ஆகஸ்டில் வெள்ளை மாளிகை வழக்கறிஞர் ஜான் டீன் ஒரு குறிப்பு எழுதினார். அரசு இயந்திரத்தைக் கொண்டு நம் அரசியல் எதிரிகளை எப்படித் தொல்லைப்படுத்தலாம் என்பதே அதன் பொருள். இதையொட்டி 20 பெயர்கள் கொண்ட பட்டியல் ஒன்றும் இருந்தது. 1973 ஜூனில் செனட் விசாரணையின்போது அது வெளியானது. சிபிஎஸ் தொலைக்காட்சியின் டேனியல் ஷோர் அதை நேரலையில் வாசித்துக்கொண்டே வந்து, 17ஆவது இடத்தில் தம் பெயரைக் கண்டார். அவரைப் பற்றி எஃப்பிஐ விசாரித்ததும் அதற்கு முன்பே நடந்திருந்தது. ஏன் என்று கேட்டபோது, அவரை ஓர் அரசுப் பணிக்குப் பரிசீலித்தோம் என்று வெள்ளை மாளிகை சமாளித்தது.

வாட்டர்கேட்

1972 ஜூன் 17 அதிகாலை, வாஷிங்டனின் வாட்டர்கேட் கட்டடத்தில் இருந்த எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் ஐந்து பேர் பிடிபட்டனர். இது மூன்றாம் தரத் திருட்டு முயற்சி என்று அதிபரின் செய்தித் தொடர்பாளர் ரான் சீக்லர் ஒதுக்கினார். வாஷிங்டன் போஸ்ட்டின் இளம் செய்தியாளர்கள் பாப் உட்வர்ட், கார்ல் பெர்ன்ஸ்டீன் இருவரும் பணம் போன வழியைத் தேடிச் சென்றனர். அது நிக்சனின் தேர்தல் குழுவில் போய் நின்றது.

இந்தக் கட்டத்தில் வெள்ளை மாளிகை பதில் சொன்ன விதம் கவனிக்கத்தக்கது. செய்தியில் உள்ள பெயர், தொகை, தேதி ஆகியவற்றை மறுக்காமல், செய்தி வெளியிட்ட நாளேட்டின் நோக்கத்தையே சீக்லர் தாக்கினார். செப்டம்பரில் நிக்சன் தனிப்பட்ட உரையாடலில், வாஷிங்டன் போஸ்ட்டுக்குத் தொலைக்காட்சி நிலையங்கள் இருக்கின்றன, உரிமம் புதுப்பிக்கும்போது பெரும் சிக்கல் வரும் என்று பேசியது ஒலிநாடாவில் உள்ளது. பிறகு ஃபுளோரிடாவில் அந்நிறுவனத்தின் நிலையங்களுக்கான உரிமங்களை எதிர்த்து மனுக்கள் வந்தன. பங்கு விலை பெருமளவு சரிந்தது. வெளியீட்டாளர் கேத்தரின் கிரஹாம் பின்வாங்கவில்லை.

போஸ்ட்டும் தவறியது. 1972 அக்டோபர் 25 செய்தியில், ஒரு சாட்சி நடுவர் குழு முன் குறிப்பிட்ட பெயரைச் சொன்னதாக எழுதியது. அவர் அப்படிச் சொல்லியிருக்கவில்லை. அந்த ஒரு பிழையைப் பிடித்துக்கொண்டு முழு விசாரணையும் பொய் என்று ஆட்சித் தரப்பு முழங்கியது. செய்தியாளர் செய்யும் ஒரு சிறு பிழை, தவறு செய்த ஆட்சியாளருக்கு எவ்வளவு பெரிய கேடயமாகிறது என்பதற்கு இது பாடம்.

நவம்பரில் நிக்சன் 50 மாநிலங்களில் 49இல் வென்றார். அப்படி ஒரு வெற்றிக்குப் பிறகும் பகை தணியவில்லை. டிசம்பர் 14 அன்று ஹென்றி கிஸ்ஸிங்கரிடம், பத்திரிகைதான் எதிரி என்று மீண்டும் மீண்டும் சொன்னார். அதைக் கரும்பலகையில் நூறு முறை எழுதச் சொன்னார்.

வீழ்த்தியது யார்?

ஒரு நாளேடு அதிபரை வீழ்த்தியது என்று சொல்வது முழு உண்மை அல்ல. திருடர்களை விசாரித்த நீதிபதி, எஃப்பிஐ அதிகாரிகள், செனட் குழு, சிறப்பு வழக்கறிஞர், உச்ச நீதிமன்றம் என்று பலர் தத்தம் வேலையைச் செய்தார்கள். பத்திரிகை செய்தது, அந்த விஷயம் மறக்கப்படாமல் காத்தது. 1973 மே 1 அன்று சீக்லர் போஸ்ட்டிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். 1974 ஜூலை 24 அன்று ஒலிநாடாக்களை ஒப்படைக்குமாறு உச்ச நீதிமன்றம் ஒருமனதாக உத்தரவிட்டது. விசாரணையைத் தடுக்க நிக்சன் முயன்றது அதில் பதிவாகியிருந்தது. ஆகஸ்ட் 9 அன்று பதவி விலகினார். போஸ்ட்டுக்குத் தகவல் தந்து வந்தவர் எஃப்பிஐயின் இரண்டாம் நிலையில் இருந்த மார்க் ஃபெல்ட் என்பது 2005இல்தான் உலகுக்குத் தெரிந்தது.

அன்றும் இன்றும்

நிக்சன் மூடிய அறைக்குள் சொன்னதை, 2017 பிப்ரவரியில் அதிபர் டொனால்டு டிரம்ப் ட்விட்டரில் வெளிப்படையாகவே சொன்னார். ஐந்து செய்தி நிறுவனங்களைப் பெயர் குறிப்பிட்டு, அவை அமெரிக்க மக்களின் எதிரி என்று எழுதினார். 2018 நவம்பரில் சிஎன்என் செய்தியாளர் ஒருவரின் வெள்ளை மாளிகை நுழைவு அனுமதி பறிக்கப்பட்டது. நீதிமன்றம் தலையிட்ட பின்னரே திரும்பக் கிடைத்தது. "மக்களின் எதிரி" என்ற சொல் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டால், அதன் விஷம் தெரியாமல் போய்விடும் ஆபத்து உண்டு.

செய்தி படிக்கும் குடும்பங்கள் இந்த வரலாற்றிலிருந்து மூன்று கேள்விகளை எடுத்துக்கொள்ளலாம். ஓர் ஆட்சியாளர் ஒரு செய்தியை "பொய்" என்று சொல்லும்போது, அதில் எந்த விவரம் பொய் என்று சொன்னாரா, அல்லது எழுதியவரை மட்டும் திட்டினாரா? செய்தி வெளியிட்ட நிறுவனம் தன் பிழையைத் திருத்துகிறதா, மூடி மறைக்கிறதா? ஆட்சியாளரின் கோபம் வார்த்தையோடு நிற்கிறதா, சோதனை, வழக்கு, உரிமம் என்ற வடிவம் எடுக்கிறதா?

முதல் இரண்டு கேள்விகளின் பதிலைக் கொண்டு யாரை நம்பலாம் என்று நாம் தீர்மானிக்கலாம். மூன்றாவதற்கு "ஆம்" என்பது பதிலானால், அந்தப் பத்திரிகையை நமக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்பது பொருட்டல்ல. அங்கே பறிபோவது அந்த நிறுவனத்தின் உரிமை மட்டுமல்ல. நம் பெயரால் என்ன செய்யப்படுகிறது என்று அறியும் நம் உரிமையும்தான்.