சமன்பாடுகள் செல்லாத உயரம்

விமானம் நிலைகுலையாமல் பறப்பதற்கான கணிதத்தை முறையாக எழுதியவர் ஜி. எச். பிரையன், வேல்ஸின் பாங்கர் கல்லூரிப் பேராசிரியர். 1911இல் வெளியான அவரது சமன்பாடுகள் இன்றும் பாடநூல்களில் வாழ்கின்றன. அவற்றுக்குள் ஒரு நிபந்தனை உண்டு. சீராகப் பறக்கும் விமானம் சிறிதளவே அசைகிறது என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கணினி வந்தபின் சிமுலேட்டர்கள் அந்தக் கட்டை மீறின. பெரிய அசைவுகளையும் கணக்கிட்டன. ஆனால் கணக்குக்கு வேண்டிய எண்கள் காற்றுச் சுரங்கத்திலிருந்தும் சோதனைப் பறப்புகளிலிருந்தும்தானே வரவேண்டும்? இறக்கை தூக்கும் ஆற்றலை இழக்கும் ஸ்டால் நிலையின் ஆழத்தில் ஒரு பயணிகள் விமானத்தை நெடுநேரம் வைத்து அளக்க எவரும் துணிவதில்லை. அளக்காத இடத்துக்கு, அளந்த எண்களையே நீட்டிப் போட்டார்கள். பழைய நிலப்படக்காரர் அறியாத பகுதியை வெற்றிடமாக விடலாம். சிமுலேட்டரோ எதையாவது காட்டியே ஆகவேண்டும். ஊகத்தையும் அதே தெளிவோடு காட்டும். பயிற்சியும் பெரும்பாலும் ஸ்டாலின் வாசலோடு திரும்பிவிட்டது.

2009 ஜூன் 1 அன்று ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிஸுக்குப் பறந்த ஏர் பிரான்ஸ் 447 அந்த வாசலைத் தாண்டியது. வேகம் அளக்கும் குழாய்களைப் பனிப்படிகங்கள் அடைத்தன; தானியங்கி விலகிக்கொண்டது. விமானியின் கை மூக்கை மேலே தூக்கியது. சுமார் 38,000 அடியில் ஸ்டால். காற்றை இறக்கை சந்திக்கும் கோணம் 40 பாகையைக் கடந்தது. ஏறத்தாழ மூன்றரை நிமிடங்களில் அட்லாண்டிக் கடல். 228 பேரும் மாண்டனர்.

என்னை உறுத்துவது எச்சரிக்கை மணியின் கதை. அளந்த வேகம் 60 நாட்டுக்குக் கீழே போனால் கோணத்தின் அளவு செல்லாது என்று அந்த விமானத்தின் கணினிக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். பறக்கும் விமானம் அந்நிலைக்கு வராது என்ற எண்ணம் போலும். எனவே ஸ்டாலின் ஆழத்தில் மணி ஓய்ந்தது. விமானி மூக்கைத் தாழ்த்தியபோது, அதாவது சரியானதைச் செய்தபோது, மீண்டும் ஒலித்தது. இருளில் அதை எப்படிப் பொருள்கொள்வது?

அதே ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவின் பஃபலோ அருகே ஸ்டாலில் விழுந்த இன்னொரு விமானம் 50 உயிர்களைப் பறித்திருந்தது. அமெரிக்க அரசு 2013இல் முழு ஸ்டால் பயிற்சியைக் கட்டாயமாக்கி, 2016இல் சிமுலேட்டர் தரத்தையும் திருத்தியது. 2019 மார்ச்சுக்குள் பயிற்சி நடைமுறைக்கு வரவேண்டும் என்றது. புதிய மாதிரிகளிலும் எண்கள் எல்லா இடத்தையும் நிரப்பிவிடவில்லை. ஸ்டாலை நேரில் அறிந்த விமானி ஒருவர் அமர்ந்து ஓட்டிப் பார்த்துச் சரி சொல்லவேண்டும் என்பதும் அந்த விதிகளில் இருக்கிறது.