இனிப்பு நீர் உள்ளவர்கள் சளிக்காய்ச்சல் தடுப்பூசியைத் தள்ளிப்போடலாமா?

குளிர் நாடுகளில் இன்புளூவன்சா எனப்படும் சளிக்காய்ச்சல் பனிக்காலத்தில் அதிகரிக்கும். மலேசியாவில் அது ஆண்டு முழுவதும் பரவுகிறது. பள்ளி, விடுதி, தொழிற்சாலைப் பேருந்து என மக்கள் நெருங்கியிருக்கும் இடங்களில் ஒருவர் இருமினாலே மற்றவருக்குத் தொற்றிவிடும்.

சாதாரண சளி மெல்ல வரும். மூக்கு ஒழுகும், தொண்டை கரகரக்கும். இன்புளூவன்சா திடீரெனத் தாக்கும். கடும் காய்ச்சல், உடம்பு வலி, வறட்டு இருமல், எழ முடியாத அசதி ஆகியவை அதன் அறிகுறிகள்.

யாருக்கு ஆபத்து?

பெரும்பாலோர் ஓரிரு வாரத்தில் தேறிவிடுவர். முதியோர், கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், இருதய நோய், ஆஸ்துமா, இனிப்பு நீர் உள்ளவர்கள் ஆகியோருக்கு இது நிமோனியாவாக முற்றலாம். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களிடையே இது சுமார் 31 விழுக்காடாக இருந்தது. காய்ச்சல் வந்தால் இவர்களுக்கு இரத்தத்தில் சீனியின் அளவு ஏறும். நோயை எதிர்க்கும் சக்தியும் குறைவு.

ஆண்டுக்கு ஒரு முறை

இக்கிருமி அடிக்கடி உருமாறுவதால் உலகச் சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரு முறை தடுப்பூசிக்கான கிருமி வகைகளைப் பரிந்துரைக்கிறது. எனவே, சென்ற ஆண்டு போட்ட ஊசி இவ்வாண்டுக்குப் போதாது. போட்ட இரண்டு வாரங்களில் பாதுகாப்பு கிடைக்கும். அதன் பிறகும் காய்ச்சல் வரலாம். ஆனால் கடுமை குறையும், மருத்துவமனையில் சேரும் வாய்ப்பும் குறையும்.

"ஊசி போட்டால்தான் காய்ச்சல் வருகிறது" என்பது தவறு. இந்த ஊசியில் உயிருள்ள கிருமி இல்லை. கை வலி, இலேசான காய்ச்சல் ஓரிரு நாளில் தீரும். 6 மாதக் குழந்தை முதல் போடலாம். முன்பு இந்த ஊசியால் கடும் ஒவ்வாமை ஏற்பட்டவர்கள் மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டும்.

எங்கே போடலாம்?

60 வயதைக் கடந்த, நாட்பட்ட நோயுள்ள மலேசியர்களுக்கு அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளில் இலவசம். மைசெஜாத்ரா செயலியில் முன்பதிவு செய்யலாம். கைப்பேசி பழகாத பெற்றோருக்குப் பிள்ளைகள் உதவலாம். மற்றவர்கள் தனியார் கிளினிக்கில் கட்டணம் செலுத்திப் போடலாம்.

காய்ச்சல் வந்துவிட்டால் ஆண்டிபயாடிக் இக்கிருமியைக் கொல்லாது. இதற்கான மருந்து 48 மணி நேரத்திற்குள் தொடங்கினால் நன்கு வேலை செய்யும். ஆபத்துப் பிரிவினர் வீட்டில் காத்திருக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, நினைவுத் தடுமாற்றம் இருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.