டேனிஷ் சித்திகி
டேனிஷ் சித்திகி (1983 – ஜூலை 16, 2021) தில்லியைச் சேர்ந்த செய்தி ஒளிப்படக் கலைஞர். ஜாமியா மில்லியா இஸ்லாமியா பல்கலைக்கழகத்தில் ஊடகவியல் பயின்று, 2010-ல் ராய்ட்டர்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தார்.

போரிலும் வன்முறையிலும் எளிய மக்களுக்கு நேர்ந்ததைப் பதிவுசெய்தவர். 2017 செப்டம்பரில், மியான்மரிலிருந்து தப்பிப் படகில் வங்கதேசம் வந்த ரோஹிங்கியா பெண் ஒருவர், களைத்துக் குனிந்து கரையைத் தொடுவதைப் படமெடுத்தார். அகதிகளின் துயரத்தை உலகுக்குக் காட்டிய அத்தொகுப்புக்காக, ராய்ட்டர்ஸ் குழு 2018-ல் புலிட்சர் பரிசு பெற்றது.

2020 தில்லி கலவரத்தில், கும்பலின் அடிகளுக்கு நடுவே தலையைக் கைகளால் மறைத்துக்கொண்டு தரையில் கிடந்தவரை அவர் எடுத்த படம், அவ்வன்முறையின் சாட்சியமாக நிலைத்தது.

ஆப்கானிஸ்தானில் ஸ்பின் போல்டாக் பகுதியில், அந்நாட்டுச் சிறப்புப் படையுடன் சென்று செய்தி சேகரித்தபோது கொல்லப்பட்டார். அவர் பயின்ற பல்கலைக்கழகத்தின் இடுகாட்டிலேயே அடக்கம் செய்யப்பட்டார். இந்தியாவின் கொரோனா துயரத்தைப் பதிவுசெய்த படங்களுக்காக, சக கலைஞர்கள் மூவருடன் அவருக்கும் 2022-ல் புலிட்சர் பரிசு வழங்கப்பட்டது.