காரீயக் கண்ணாடியின் வரலாறு

வேலைப்பாடு மிக்க கண்ணாடிக் கிண்ணம் ஒன்றை விரல் நகத்தால் மெல்லத் தட்டினால், வெண்கல மணியோசையை ஒத்த இனிய ஒலி எழுந்து சிறிது நேரம் நீடிக்கும். ஒளியில் பிடித்து நோக்கினால் அதன் பட்டைகளில் வானவில்லின் வண்ணங்கள் தோன்றும். கையில் எடுத்தால் எதிர்பார்த்ததினும் கனமாக இருக்கும். அக்கண்ணாடியின் சிறப்புக்கெல்லாம் முதற்காரணம் அதிற் கலந்துள்ள காரீயமே ஆகும். உணவில் சேர்ந்தால் நஞ்சாகும் உலோகம், உண்கலத்திற்கே அழகு சேர்த்த விந்தையை வரலாறு நமக்கு எடுத்துரைக்கின்றது.

முதற்கண் சொற்பொருளைத் தெளிதல் நன்று. தமிழில் ஈயம் என்னும் சொல் இரு உலோகங்களைச் சுட்டும். மலேசிய மண்ணில் அகழ்ந்தெடுக்கப்பெற்றதும், பித்தளைப் பாத்திரங்களுக்கு உட்பூச்சாகப் பூசப்பெறுவதும் வெள்ளீயம். ஈண்டுப் பேசப்படுவது காரீயம். படிகக் கண்ணாடி என்னும் வழக்கும் விளக்கம் வேண்டுவதே. படிகத்தில் அணுக்கள் ஒழுங்கான அடுக்காக அமைந்திருக்கும். கண்ணாடியில் அவ்வொழுங்கு இல்லை. எனவே, அறிவியல் நோக்கில் படிகக் கண்ணாடி படிகம் அன்று. மலைப்படிகத்தைப் போல் நிறமின்றித் தெளிந்திருந்தமையால் அப்பெயர் பெற்றது.

அத்தகைய தெளிந்த கண்ணாடியை ஐரோப்பாவில் முதலில் புகழ்பெறச் செய்தவர்கள் வெனிசு நகரத்தார். 1291ஆம் ஆண்டில் வெனிசு அரசு கண்ணாடி உலைகளை மூரானோ தீவுக்கு மாற்றியது. பதினைந்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அத்தீவின் அஞ்செலோ பரோவியேர் என்பார் நிறமற்ற கண்ணாடியை உருவாக்கினார். மெல்லியதாகவும் இலேசானதாகவும் விளங்கிய அக்கலங்களை ஐரோப்பியச் செல்வர்கள் பெரும்பொருள் கொடுத்து வாங்கினர். இங்கிலாந்தும் அவ்வாறு வாங்கிய நாடுகளுள் ஒன்று.

கப்பல் கட்டுவதற்கு மரம் வேண்டியிருந்தமையால், 1615ஆம் ஆண்டில் ஆங்கில அரசு கண்ணாடி உலைகளில் விறகு எரிப்பதைத் தடை செய்தது. உலைகள் நிலக்கரிக்கு மாறின. இச்சூழலில், வெனிசுடன் வாணிகம் செய்து வந்த சியார்சு ரேவன்சுகிராப்ட் என்னும் வணிகர், இலண்டனில் சவாய் என்னுமிடத்தில் உலை அமைத்தார். 1674ஆம் ஆண்டில் ஏழாண்டுக்கால உரிமமும் பெற்றார். சிக்கிமுக்கிக் கற்களைப் பொடித்து உருக்கியமையால் அக்கண்ணாடிக்கு 'பிளிண்ட்' கண்ணாடி என்னும் பெயர் ஏற்பட்டது.

ஆயினும் அவருடைய முதல் முயற்சி இடரில் முடிந்தது. கல்லை உருக்குவதற்காகச் சேர்த்த காரப்பொருள் அளவில் மிகுந்தமையால், கண்ணாடி காற்றின் ஈரத்தை ஏற்றது. தெளிந்திருந்த கலங்களின் மேற்பரப்பில் காலப்போக்கில் மயிரிழை போன்ற வெடிப்புகள் படர்ந்தன. கலங்கள் மங்கின. வணிகரின் முதலும் நற்பெயரும் ஒருங்கே ஆட்டங்கண்டன. அவர் உலையை மூடிவிடவில்லை, கலவையை மாற்றினார். காரப்பொருளைக் குறைத்துக் காரீய ஆக்சைடைச் சேர்த்தார். 1676ஆம் ஆண்டில் குறை நீங்கியதென அறிவிக்கப்பெற்றது. அதன்பின் தம் பெயரின் முற்பகுதி குறிக்கும் அண்டங்காக்கையின் தலையை முத்திரையாகக் கலங்களில் பதித்தார்.

காரீயம் செய்த பணி யாது? அது மணற்பொருளைக் குறைந்த வெப்பத்திலேயே இளகச் செய்தது. கைவினைஞர் கண்ணாடியை உருவாக்குவதற்கு நீண்ட நேரம் கிடைத்தது. ஆறிய கண்ணாடியும் செதுக்குவதற்கு மென்மையாக அமைந்தது. அடர்த்தி உயர்ந்தது; ஒளியை வளைக்கும் ஆற்றலும், அதனை நிறங்களாகப் பிரிக்கும் ஆற்றலும் மிகுந்தன. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1969ஆம் ஆண்டில் வகுத்த விதியின்படி, காரீயப் படிகம் எனப்படுவதில் 24 விழுக்காடேனும் காரீய ஆக்சைடு இருத்தல் வேண்டும். உயர்தர வகையில் 30 விழுக்காடு வேண்டும்.

இப்பெருமை முழுதும் ரேவன்சுகிராப்ட் ஒருவருக்கே உரியதா என்பது சிந்தனைக்குரியது. இத்தாலியரான அந்தோனியோ நேரி 1612ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலேயே காரீயம் சேர்ந்த கண்ணாடி பற்றிக் குறிப்பிட்டிருந்தார். அந்நூலைக் கிறித்தோபர் மெரெட்டு 1662இல் ஆங்கிலத்தில் பெயர்த்தார். தாகோசுதா என்னும் இத்தாலியக் கைவினைஞர் ரேவன்சுகிராப்டுடன் பணியாற்றியதையும் அக்கால நூலொன்று கூறுகின்றது. உரிமம் ஒருவர் பெயரில் இருப்பினும், அறிவு பலர் வழியாக வந்தது எனலாம். உரிமக்காலம் முடிந்தபின் இத்தொழில் விரைந்து பரவி, 1696இல் இங்கிலாந்தில் 27 உலைகள் அக்கண்ணாடியை உருவாக்கின.

இக்கண்ணாடியின் பயன் விருந்து மேசையோடு நின்றுவிடவில்லை. அக்காலத் தொலைநோக்கிகளில் ஒளி நிறங்களாகச் சிதறியமையால் உருவங்களின் ஓரம் வண்ணம் பூசியதுபோல் தோன்றியது. இரு வகைக் கண்ணாடிகளாலான வில்லைகளை இணைத்தால், ஒன்றன் குறையை மற்றொன்று நீக்கும் எனச் செசுட்டர் மூர் ஆல் என்பார் 1730களில் கண்டார். அவ்விரண்டனுள் ஒன்று காரீயக் கண்ணாடியே. 1758இல் சான் டாலண்டு இதற்கு உரிமம் பெற்றுத் தொழிலாக வளர்த்தார். 1845ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே, காரீயம் செறிந்த கண்ணாடித் துண்டு ஒன்றின் வழியாகவே காந்தத்திற்கும் ஒளிக்கும் தொடர்புண்டு என்பதை மெய்ப்பித்தார். எக்சு கதிர் அறைகளில் பணிபுரிவோர் நோயாளியைக் காணவும் கதிரினின்று காத்துக்கொள்ளவும் காரீயக் கண்ணாடிச் சாளரமே உதவுகின்றது.

எனினும் மறுபக்கம் ஒன்றுண்டு. காரீயத்தூளைச் சுவாசித்த தொழிலாளர் நோயுற்றனர். காரீயமும் வெள்ளீயமும் கலந்த பொடியால் கண்ணாடியை மெருகிட்டவர்கள் சிறப்பாகத் துன்புற்றனர். கிண்ணத்தின் ஒளியை வியந்தவர்கள் அந்த ஒளியைத் தந்த கைகளைப் பெரிதும் எண்ணிப் பார்க்கவில்லை. காரீயப் படிகக் குடுவைகளில் நெடுங்காலம் வைக்கப்பெற்ற மதுவில் காரீயம் கரைந்து கலக்கின்றது என 1991ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. புளிப்புடைய பானங்களை இத்தகைய கலங்களில் சேமித்து வைத்தல் தகாது என்பது இதனாற் பெறப்படும். இன்று பேரியம், துத்தநாகம் முதலியவற்றின் ஆக்சைடுகளைக் கொண்டு, காரீயமின்றியே ஒளிமிக்க கண்ணாடி செய்யப்படுகின்றது.

வெடிப்புற்ற கலத்தைக் கண்டு மனம் தளராத முயற்சியே காரீயக் கண்ணாடியைத் தந்தது. அதே கண்ணாடியின் தீமையைக் கண்டு மறைக்காத நேர்மையே காரீயமற்ற கண்ணாடியைத் தந்தது. ஒரு கண்டுபிடிப்பின் நன்மையைப் போற்றும் மாணவர் அதன் தீமையையும் ஆராய்ந்தறியப் பழகுவாராயின், அதுவே அறிவியற் கல்வியின் பயனாகும்.