துணியில் தைத்த விண்வெளி வரலாறு



உங்கள் பள்ளிச் சட்டைப் பையின் மேல் ஒரு சின்னம் இருக்கிறது அல்லவா? அதன் விலை சில வெள்ளிதான். கிழிந்து போனால் அம்மா வேறொன்று வாங்கித் தைத்துக் கொடுத்துவிடுவார். அதே அளவுள்ள, அதேபோல் நூலாலும் துணியாலும் ஆன ஒரு சின்னத்துக்கு ஏலக் கூடத்திலே ஆயிரக்கணக்கான வெள்ளி கொடுக்க மனிதர்கள் போட்டியிடுகிறார்கள் என்றால் நம்புவீர்களா? விண்வெளி வீரர்கள் தம் உடையில் அணிந்துகொள்ளும் பயணச் சின்னங்களைத்தான் சொல்கிறோம். ஆங்கிலத்தில் இவற்றை ‘மிஷன் பேட்ச்’ என்பார்கள். இந்தத் துண்டுத் துணிகளுக்கு இத்தனை மதிப்பு எப்படி வந்தது என்பதே நம் இன்றைய பேச்சு.

நெடும்பயணம் போகிறவர்கள் சின்னம் தரித்துப் புறப்படுவது புதிய வழக்கமன்று. நம் கெடா மாநிலத்துக்கு அந்நாளில் கடாரம் என்று பெயர். 1025ஆம் ஆண்டளவில் இராசேந்திர சோழனின் கப்பல்கள் கடாரத்தின் மீது படையெடுத்து வந்தன. சோழனுக்குரிய சின்னம் புலி. ஆனால் சோழர் செப்பேடுகளின் வட்ட முத்திரையைப் பார்த்தால், புலியோடு பாண்டியரின் மீனையும் சேரரின் வில்லையும் சேர்த்தே பொறித்திருக்கிறார்கள். யார், யாரை வென்றார் என்ற நீண்ட கதையை ஒரு சிறிய வட்டத்துக்குள் அடக்கிவிட்ட சாமர்த்தியம் அது. விண்வெளிச் சின்னம் செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான்.

விண்வெளிக்குச் சென்ற முதல் பெண்மணியான சோவியத் நாட்டு வாலன்டினா தெரஷ்கோவா, 1963 ஜூன் மாதத்தில் வோஸ்டோக் 6 கலத்தில் பறந்தபோது, புறா உருவம் தைத்த சின்னம் ஒன்றை அணிந்திருந்தார். மேலே போட்டிருந்த ஆரஞ்சு நிற உடை அதை மறைத்துவிட்டது. அமெரிக்கர்களிடையே இந்த வழக்கம் வந்ததோ ஒரு சிறு பிணக்கின் மூலமாக. ஆரம்பத்தில் வீரர்கள் தம் கலத்துக்குத் தாமே பெயர் சூட்டி வந்தார்கள். 1965இல் ஒருவர் வைத்த வேடிக்கைப் பெயர் மேலிடத்துக்குப் பிடிக்கவில்லை. இனிப் பெயர் வைக்கக் கூடாது என்று நாசா நிறுவனம் தடுத்துவிட்டது. “பெயர்தான் கூடாது, ஒரு சின்னமாவது அணிந்துகொள்கிறோம்” என்று கேட்டுப் பெற்றவர் கோர்டன் கூப்பர். ஜெமினி 5 கலத்தில் அவரும் பீட் கொன்ராடும் எட்டு நாள் பறப்பதாகத் திட்டம். அதுவரை யாரும் அத்தனை நாள் விண்வெளியில் தங்கியதில்லை. அமெரிக்க மேற்குப் பகுதியில் குடியேறப் போனவர்களின் கூண்டு வண்டியைச் சின்னமாக வரைந்து, ‘எட்டு நாள், இல்லையேல் தோல்வி’ என்னும் பொருள்பட அதன்மேல் எழுதினார்கள்.

நாசாவின் தலைவர் ஜேம்ஸ் வெப்புக்கு இதிலும் கவலை. ஏழாம் நாளே திரும்ப நேர்ந்தால், செய்தித்தாள்காரர்கள் ‘தோல்வி’ என்ற சொல்லைப் பிடித்துக்கொள்வார்களே! ஆகவே அந்த வாசகத்தின் மேல் சிறு துணி வைத்து மூடித் தைக்கச் செய்தார். 1965 ஆகஸ்டு 21ஆம் நாள் புறப்பட்டவர்கள் 29ஆம் நாள் தரையிறங்கினார்கள். எட்டு நாளுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரந்தான் குறைவு. அன்று முதல் ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு சின்னம் என்பது நிலைத்துவிட்டது.

எல்லாரும் அறிந்த அப்போலோ 11 சின்னத்துக்கு வருவோம். அதை வரைந்தவர் மைக்கேல் காலின்ஸ்; மற்ற இருவரும் நிலவில் நடந்தபோது தாய்க்கலத்தில் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தவர். பறவைகளைப் பற்றிய ஒரு நூலிலிருந்து கழுகுப் படமொன்றை மெல்லிய தாளில் படியெடுத்தார். அலகில் சமாதானத்தின் அடையாளமாக ஒலிவக் கிளை. ஆனால் நகங்களை விரித்துக்கொண்டு நிலவின் மேல் பாயும் கழுகு போர்க்குணமாகத் தெரிகிறதே என்று மேலிடம் தயங்கியது. உடனே கிளையை அலகிலிருந்து எடுத்துக் கால்களில் கொடுத்துவிட்டார்கள்! நகங்களும் மறைந்தன, அனுமதியும் கிடைத்தது. ‘பதினொன்று’ என்று ஆங்கிலத்தில் எழுத்தால் எழுதினால் பிற நாட்டாருக்குப் புரியாது, எண்ணாகவே இருக்கட்டும் என்றார் ஆம்ஸ்டிராங். மூவருமே தங்கள் பெயரைச் சின்னத்தில் போட வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். அந்தப் பயணத்துக்காக உழைத்த ஆயிரமாயிரம் பேருக்கும் அது சொந்தமாக வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். பெரிய காரியம் செய்தவர்கள் பெயரை விட்டுக்கொடுப்பது அபூர்வம். நம் ஊர்த் திறப்பு விழாக் கல்வெட்டுகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

இனி விலை விவகாரம். இதைப் புரிந்துகொள்ள ஒரு துயரச் செய்தியையும் சொல்ல வேண்டும். 1967 ஜனவரி 27ஆம் நாள், அப்போலோ 1 கலத்தில் தரையிலேயே ஒத்திகை நடந்தபோது தீப்பிடித்து, கிரிசம், ஒயிட், சாஃபி என்ற மூன்று வீரர்கள் இறந்தார்கள். அதன் பிறகு எளிதில் தீப்பற்றும் எதையும் கலத்துக்குள் வைக்க அஞ்சினார்கள். நூலால் பின்னிய சின்னங்கள் உடையிலிருந்து நீக்கப்பட்டன. கண்ணாடி இழையில் நெய்து டெஃப்லான் பூசிய ‘பீட்டா’ என்னும் துணியில் சின்னத்தை அச்சிட்டு உடையில் தைத்தார்கள். நூல் வேலைப்பாடு உள்ளவை தரையில் அணிவதற்கும், நினைவுப் பொருளாக வைத்துக்கொள்வதற்கும், கடையில் விற்பதற்கும் பயன்பட்டன.

ஆகவே பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு அப்போலோ 11 சின்னங்களில் ஒன்று கடைச் சரக்காக இருக்கலாம்; அதை ஒருவேளைச் சாப்பாட்டுக் காசுக்கு வாங்கிவிடலாம். மற்றொன்று உண்மையிலேயே நிலவுப் பயணம் போய்த் திரும்பியதாக இருக்கலாம். விண்ணுக்குப் போய் வந்தது என்று வீரரே கையெழுத்திட்டுக் கொடுத்த கடிதம் உடன் இருந்தால்தான் விலை ஏறும். கடிதம் இல்லையேல் அது வெறும் துணி. போலிகளும் உண்டு. அனுபவசாலிகள் சின்னத்தின் பின்புறத்தைத் திருப்பிப் பார்க்கிறார்கள். பிற்காலத்துச் சின்னங்கள் பலவற்றுக்குப் பின்னால் பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். புற ஊதா விளக்கின் கீழ் வைத்தால் பிற்கால நூல்கள் பெரும்பாலும் பளிச்சென்று ஒளிரும்.

பஸ் ஆல்டிரின் நிலவுப் பயணத்தில் அணிந்த பீட்டாத் துணி மேற்சட்டை, அப்போலோ 11 சின்னம் தைத்தபடியே, 2022 ஜூலையில் நியூயார்க்கில் சோதபி நிறுவன ஏலத்துக்கு வந்தது. போன விலை 27 லட்சத்து 72 ஆயிரத்து 500 அமெரிக்க டாலர். யார் அணிந்தது, எந்த நாளில் அணிந்தது என்பதில் எள்ளளவும் ஐயமில்லாத பொருள் அது.

இதற்கு நேர்மாறான ஒரு கதையும் உண்டு. நிலவு மண்ணும் கல்லும் கொண்டுவரப் பயன்பட்ட ஒரு பையின் எண் பதிவேட்டில் மாறிப்போனது. அது இன்னதென்று யாருக்கும் தெரியவில்லை. 2015இல் அரசாங்கம் பறிமுதல் செய்த பொருள்களோடு சேர்த்து ஏலம் விட்டபோது, ஓர் அமெரிக்கப் பெண்மணி அதை 995 டாலருக்கு வாங்கினார். சோதித்துச் சொல்லும்படி நாசாவுக்கு அனுப்பினார். உள்ளே அப்போலோ 11 கொண்டுவந்த நிலவுத் தூசி! நாசா பையைத் திருப்பித் தர மறுத்தது. அவர் நீதிமன்றம் சென்று வென்றார். 2017 ஜூலை 20ஆம் நாள் அதே பை 18 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. பையில் ஒரு நூலும் கூடவில்லை, குறையவுமில்லை. அதன் கதை தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

காசு நுழைந்த இடத்தில் சபலமும் நுழையும். 1971இல் அப்போலோ 15 வீரர்கள், அனுமதி பெறாத சுமார் 400 தபால் உறைகளை நிலவுக்குக் கொண்டுபோய் வந்தார்கள். அவற்றில் நூறு ஒரு ஜெர்மானிய வணிகரின் கைக்குப் போய் விற்பனையாயின. செய்தி வெளியானதும் நாசா மூவரையும் கண்டித்தது. அவர்கள் பிறகு விண்வெளிக்குப் போகவேயில்லை.

நம் நாட்டுக்கும் இந்த வரலாற்றில் இடம் உண்டு. 2007 அக்டோபர் 10ஆம் நாள் இரவு 9.22 மணிக்கு, டாக்டர் ஷேக் முஸாஃபர் சுக்கோர் ரஷ்யாவின் சோயூஸ் கலத்தில் புறப்பட்டு, அனைத்துலக விண்வெளி நிலையத்தை அடைந்தார். நோன்பு மாதம் அது. சுங்கைப்பட்டாணிச் சாப்பாட்டுக் கடைகளில் தொலைக்காட்சி முன் கூட்டம் நின்றதை நாம் பார்த்தோம். அந்நாளின் சின்னங்கள், செய்தித்தாள்கள், தபால் உறைகள் இன்னும் பலர் வீட்டு அலமாரியில் கிடக்கின்றன. நேயர்கள் வீட்டிலும் இருக்கக்கூடும், தேடிப் பாருங்கள்.

இதையெல்லாம் தோட்டப் பள்ளி ஆசிரியராகிய நாம் ஏன் பேசுகிறோம் என்று கேட்பீர்கள். நம்மைச் சுற்றியும் சின்னங்கள் மறைந்துகொண்டிருக்கின்றன. 1957இல் இந்நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று சுமார் 530 இருக்கின்றன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சில இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்பு வந்தது. தோட்டம் துண்டாடப்பட்டபோது பள்ளியும் மூடப்பட்டது. அல்லது வேறு பள்ளியோடு சேர்ந்தது, நகரத்துக்கு இடம் மாறியது. அந்தப் பழைய பள்ளிகளின் சட்டைச் சின்னங்கள், பால்வெட்டு உளி, மங்கு, செக்ரோல் புத்தகம் எல்லாம் பழைய இரும்புக்காரரிடமும் குப்பையிலும் போய்ச் சேர்ந்தன. இவற்றை எந்த ஏலக் கூடமும் கேட்கப் போவதில்லை. ஆனால் விண்வெளிச் சின்னம் சேகரிப்போர் கடைப்பிடிக்கும் முறை இவற்றுக்கும் பொருந்தும்.

நம் பள்ளியில் ஒரு கண்ணாடி அலமாரியில் மூடப்பட்ட தோட்டப் பள்ளிகளின் சட்டைச் சின்னங்கள் பதினேழு இருக்கின்றன. ஒவ்வொன்றின் கீழும் ஓர் அட்டை: எந்தத் தோட்டம், அணிந்தவர் யார், எந்த ஆண்டு, கொடுத்தவர் யார். பதினொன்றுக்கு எழுதி முடித்துவிட்டோம். மீதி ஆறுக்கு விவரம் சொல்லக்கூடியவர்கள் தோட்டத்தை விட்டுக் கூலிமிலும் பட்டர்வொர்த்திலும் தாமான் வீடுகளில் குடியிருக்கிறார்கள். பெரும்பாலோர் எழுபதைக் கடந்தவர்கள். ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர்கள் சனிக்கிழமைகளில் நோட்டுப் புத்தகத்தோடு எங்களுடன் வருகிறார்கள்.