ஓர் ஆளுக்கு ஓர் உலை

காத்திவாக்கத்தில் தனியாக அறை எடுத்துத் தங்கி முதன்முதலாக உலை வைக்கிற இளைஞர்கள் பலரை நாங்கள் அறிவோம். துறைமுகத்திலும் கன்டெய்னர் யார்டிலும் ஒப்பந்த வேலைக்கு வந்தவர்கள் உண்டு. கல்லூரிக்காக வந்தவர்கள் உண்டு. "ஓர் ஆளுக்கு எதுக்கு அடுப்பு, பார்சல் வாங்கிக்கலாம்" என்று தொடங்கி, மாதக் கடைசியில் கையில் காசில்லாமல் அரிசி வாங்கப் போகிறார்கள். அந்த ஓர் ஆள் அடுப்புக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது பெரும்பாலும் நம் வரலாறு.

ஓட்டலுக்குள் போய் உட்கார்ந்து சாப்பிடுவது நம்மவர்களுக்கு எப்போதும் திறந்திருந்த வழி அல்ல. 1940-களின் தொடக்கம் வரை ரயில் நிலையச் சாப்பாட்டுக் கூடங்களிலேயே பிராமணருக்குத் தனி இடம், மற்றவருக்குத் தனி இடம். 'மற்றவர்' என்ற அந்த இடத்துக்குள்ளும் சேரிக்காரர் எந்த அளவுக்குச் சேர்த்துக்கொள்ளப்பட்டிருப்பார் என்பதை ஊகிக்கலாம். 1950-ல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15-வது பிரிவு கடை, உணவகம், விடுதி என்று பெயர் சொல்லியே பாகுபாட்டைத் தடுக்கிறது. தடுக்க வேண்டிய அளவுக்கு அது நடந்தது என்பதால்தான் அப்படி எழுத வேண்டியிருந்தது. பிழைப்புக்காகப் பட்டணம் வந்த நம் முன்னோருக்குச் சொந்தமாகச் சோறு வடிப்பது பல நேரம் விருப்பம் அல்ல, கட்டாயம்.

அண்ணல் அம்பேத்கரின் லண்டன் நாட்களை எடுத்துக்கொள்வோம். 1920-ல் படிப்பை முடிக்க மீண்டும் லண்டன் போனபோது அவர் கையில் பணம் குறைவு. காலையில் ஒரு துண்டு ரொட்டி, கொஞ்சம் ஜாம், தேநீர். பகல் முழுவதும் நூலகத்தில் இருந்துவிட்டு, இரவு பசி தாங்க முடியாதபோது தெரிந்தவர் ஒருவர் கொடுத்த அப்பளத்தைத் தகரத் தட்டில் சுட்டுத் தின்றார் என்று தனஞ்செய் கீர் அவருடைய வாழ்க்கை வரலாற்றில் எழுதுகிறார். ரூபாயின் சிக்கலைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற ஆய்வு அந்தப் பசிக்கு நடுவில் உருவானது. இதைத் தியாகக் கதையாக மட்டும் படித்துவிடக் கூடாது. படிக்கிற பிள்ளைக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு கிடைக்க வேண்டும் என்ற கேள்வி நம் இயக்கத்தின் கேள்வி என்பதற்கும் அதுவே சான்று.

சமைக்கத் தெரியாதவருக்குத் தமிழில் வழிகாட்டிய புத்தகம் என்றதும் பலரும் சொல்வது எஸ். மீனாட்சி அம்மாள் 1951-ல் வெளியிட்ட 'சமைத்துப் பார்'. கைப்பக்குவமாக மட்டும் இருந்ததை அளவும் வரிசையுமாக எழுதி, ஒரு பெண் தன் பெயரில் வெளியிட்டது பெரிய காரியம்தான். கல்யாணமாகிப் போகிற பெண்ணுக்குச் சீரோடு சேர்த்துக் கொடுத்தார்கள். ஆனால் அது பிராமணக் குடும்பத்துச் சமையல். மீனும் கறியும் முட்டையும் அதில் கிடையாது. அளவுகள் குடும்பத்துக்கானவை. அதை எழுதியவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவர் தன் வீட்டுச் சமையலை எழுதினார். அந்த ஒரு வீட்டுச் சமையலையே 'தமிழர் சமையல்' என்று பொதுவாக்கிய பதிப்புலகத்தைத்தான் கேட்க வேண்டும்: கூழும் கருவாடும் வடித்த கஞ்சியும் உப்புக்கண்டமும் யார் சமையல்?

மராத்தியில் இந்தக் கேள்வியை எழுப்பியவர் ஷாஹூ பட்டோலே. மராத்வாடாவின் மகர், மாங் சமூகங்களின் உணவை அவர் 2015-ல் புத்தகமாக்கினார். 2024-ல் ஆங்கிலத்திலும் வந்தது. எண்ணெயும் மசாலாவும் வாங்க வழியில்லாத வீட்டில் சுவை எப்படி உண்டானது என்பதை அதில் படிக்கலாம்.

நம் பகுதிக்கும் அப்படி ஒரு ஏடு வேண்டும். கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தின் இறாலும் நண்டும் நெத்திலியும் கையில் காசில்லாதவருக்கும் புரதம் கொடுத்தன. 1970-ல் அனல் மின் நிலையம் வந்தது; பின்னால் இன்னும் பல ஆலைகள் வந்தன. சாம்பல் கழிவு ஆற்றில் இறங்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலமும் கழிமுகத்தில் பரவியது. மலிவான சாப்பாடு தானாகக் காணாமல் போகவில்லை. அது இருந்த இடம் பறிபோனது.

மிச்சமிருப்பது ரேஷன். 1997-ல் ஒன்றிய அரசு வறுமைக்கோடு போட்டு ரேஷனைச் சுருக்கியபோது, எல்லோருக்கும் என்ற முறையைத் தமிழ்நாடு விடவில்லை. இங்கே ஒரு விதியைக் கவனியுங்கள்: குடும்ப அட்டை பெறத் தனியாக வசிக்க வேண்டும், தனியாகச் சமைக்க வேண்டும். அரசின் கணக்கில் உங்களைத் தனிக் குடும்பமாக்குவது உங்கள் அடுப்பு. அதே அடுப்பைத்தான் வீட்டு உரிமையாளர்கள் விசாரிக்கிறார்கள். "கவுச்சி சமைப்பீங்களா?" என்று கேட்கும்போது அவர்கள் தெரிந்துகொள்ள விரும்புவது சாதியை.

ஆகவே தோழர்களே, சமைக்கக் கற்றுக்கொள்ளுங்கள். 200 மில்லி டம்ளரில் ஒரு டம்ளர் ரேஷன் புழுங்கல் அரிசி. மூன்று முறை கழுவி அரை மணி நேரம் ஊறவைத்து, நிறையத் தண்ணீரில் வேகவிட்டு வடியுங்கள். பாதி இரவுக்கு, மீதியில் தண்ணீர் ஊற்றினால் காலைக்குப் பழைய சோறு. இப்படிச் செய்தால் மாதம் 5 கிலோ சொச்சம் அரிசி போதும். ஒரு பிடி துவரம்பருப்பு, சுமார் 50 கிராம், ஒரு தக்காளி, நாலு பல் பூண்டு, ஒரு பச்சை மிளகாய், மஞ்சள்தூள் எல்லாவற்றையும் ஒன்றாக வேகவைத்துக் கடைந்து உப்புப் போட்டால் குழம்பு ஆயிற்று. ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கும் பருப்பு இந்தக் கணக்கில் 20 நாள் வரும். நெத்திலிக் கருவாட்டைத் தலை கிள்ளி, வெந்நீரில் போட்டு மண் போக அலசி, வெங்காயத்தோடு வதக்கினால் பழைய சோற்றுக்கு வேறெதுவும் வேண்டாம். ஆண் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: இது அம்மாவின் வேலை, அக்காவின் வேலை என்று தள்ளிவிட்டுச் சமத்துவம் பேச முடியாது.

சமைக்கத் தெரிந்தால் கணக்குக் கேட்கவும் தெரியும். அரசு விடுதிகளில் கல்லூரி மாணவருக்கான உணவுப்படியை மாதம் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ஆக உயர்த்துவதாக 2023-ல் அறிவித்தார்கள். நாளுக்கு 50 ரூபாய், மூன்று வேளைக்கும் சேர்த்து. பருப்பு என்ன விலை, முட்டை என்ன விலை என்று தெரிந்தவர் அந்த 50 ரூபாயில் தட்டில் என்ன விழ வேண்டும், என்ன விழுகிறது என்று வார்டனிடம் கேட்க முடியும். இன்னும் எவ்வளவு உயர்த்த வேண்டும் என்று அரசிடமும் சொல்ல முடியும்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டு எடுத்துப் போங்கள். ஆயாவிடம் உட்கார்ந்து கூழ், களி, கருவாட்டுக் குழம்பு, கீரை எல்லாவற்றையும் கேட்டு எழுதுங்கள். எந்த வறட்சியில் எதைத் தின்று உயிர் பிடித்தார்கள் என்பதையும் கேளுங்கள். அளவை மட்டும் ஓர் ஆளுக்கு என்று மாற்றிப் போடுங்கள். தனியாக உலை வைக்க வருகிற அடுத்த பிள்ளைக்கு அந்த நோட்டு உதவும்.

ஜெய் பீம்.